யாழ்ப்பாண அச்சில் தடித்த எழுத்து: வண்ணார்பண்ணை என்ற சோதனைச்சொல்

'வண்ணார்பண்ணை' என்ற ஊர்ப்பெயரில் நான்கு ணகரங்களும் மூன்று புள்ளிகளும் உள்ளன. தனியாக வரையப்பட்ட தடித்த வடிவம் இல்லாத ஓர் எழுத்துருவில் அதைத் தட்டச்சிட்டு, 'போல்ட்' பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். பல மென்பொருள்கள் எல்லாக் கோடுகளையும் எல்லாப் பக்கமும் ஒரேயளவாகப் பருக்கச் செய்யும். ணகரத்தின் சுழிகள் அடைபடும். புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் இதை அழகுக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே நிற்பது ஒரு சுழிதான். அது மறைந்தால் மணம் மனமாகிறது, பணி பனியாகிறது. தமிழில் தடிப்பு என்பது மையைக் கூட்டும் வேலையல்ல, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையைக் காக்கும் வேலை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வேலைக்கு, கனமும் மெலிவும் மாறிவரும் செரிஃப் மரபின் தடித்த எழுத்தே ஏற்றது என்பது அதன் அடுத்த படி.

ஏட்டு மரபில் இச்சிக்கல் எழவில்லை. எழுத்தாணி ஓலையில் கீறுவது ஒரே பருமனுள்ள கோடு. அங்கே கனத்த எழுத்து என்ற ஒன்றுக்கு இடமேயில்லை. உலோக அச்சுதான் அந்த வாய்ப்பைக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1834இல் மானிப்பாயில் அச்சகம் நிறுவியது. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே இதழுக்குள் கொண்டுவந்தது. மறு ஆண்டு வெளிவந்த மானிப்பாய் அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. இத்தனை சொற்களுக்கிடையே தேடிய சொல்லில் கண் எப்படிப் போய் நிற்கும்? அகராதியின் தலைச்சொல், தடித்த எழுத்துக்கு ஆன முதற்பெரும் தேவை.

அதே கேள்விக்கு லண்டனில் 1845இல் ஒரு விடை கிடைத்தது. ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட, பெஞ்சமின் ஃபாக்ஸ் வெட்டிய கிளாரெண்டன் எழுத்துதான் அது. அதற்கு முன்னரும் கனத்த எழுத்துகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் விளம்பரத் தாள்களுக்கானவை. அவற்றுள் பலவற்றில் நிமிர்கோடு தூண்போலப் பருத்திருக்கும், படுகோடு மயிரிழையாக மெலிந்திருக்கும். கிளாரெண்டன் அந்த வேறுபாட்டைக் குறைத்தது. மெல்லிய கோட்டுக்கும் போதிய சதை தந்தது. கோட்டின் முனையில் நிற்கும் அடிக்கட்டையை (செரிஃப்) வளைவோடு தண்டில் இணைத்தது. உடலெழுத்தின் பக்கத்தில் அதே அளவில் நின்று ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்ட அதனால் முடிந்தது. அகராதிகள் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

அந்த அடிக்கட்டையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவரலாமா? கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள ஒரு சாய்கோடுதான். ஓலையில் அவ்விரண்டும் ஒன்றுபோலவே எழுதப்பட்டு, படிப்பவர் பொருளறிந்து பிரித்துக்கொண்டார். அச்சு வந்தே அந்த வேறுபாட்டை நிலைநாட்டியது. துணைக்காலுக்கு ஓர் அடிக்கட்டை வைத்தால் 'கா' மறுபடியும் 'கர' ஆகும் அபாயம் உண்டு. செரிஃப் மரபிலிருந்து தமிழ் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டையை அன்று, கனத்தைப் பங்கிடும் முறையை. நிமிர்கோடு கனத்தைத் தாங்கட்டும். சுழிகளின் மேலும் கீழும் ஓடும் கோடுகள் மெலிந்து நிற்கட்டும். அப்போது ணகரம் கறுத்துத் தெரியும், ஆனால் உள்ளே காற்றோட்டம் இருக்கும். எல்லாக் கோடுகளையும் ஒரேயளவாகப் பருக்கச் செய்யும் தடிப்பில், ஞ, இ, ஐ போன்ற எழுத்துகளுக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

தரக்குறைவான தாளில் மெல்லிய கோடு உடைந்துபோகும் என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புத்தான். தாளில் மட்டுமல்ல, திரையிலும் இச்சிக்கல் உண்டு. பழைய அச்சுகளை இன்று நாம் பெரும்பாலும் ஸ்கான் செய்த பக்கங்களாகவே வாசிக்கிறோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம் இல்லையென்றால் அந்த வாய்ப்பும் பலருக்கு இல்லை. சாம்பல் நிறம் இல்லாத வெறுங் கறுப்பு வெள்ளையாகப் பதிவாகும் பக்கத்தில் மயிரிழைக் கோடு காணாமற் போய்விடும். ஆனால் இந்த மறுப்பு விளம்பர எழுத்தின் மிகையைத்தான் தாக்குகிறது, கிளாரெண்டனின் நடுவழியைத் தாக்கவில்லை.

தடிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் போலவே எங்கே வேண்டும் என்பதும் கேள்விதான். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிய ஆறுமுக நாவலர், அதைக் கொண்டுவந்து வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவியது வண்ணார்பண்ணையில்தான். சொற்களைப் பிரித்து இடம்விட்டும் நிறுத்தற்குறி இட்டும் உரைநடையைப் படிக்க எளிதாக்கியவர் அவர். இன்று நாம் தடிப்பிடம் ஒப்படைக்கும் வேலையில் பெரும்பங்கை அவர் வெண்மையிடம் ஒப்படைத்தார். பக்கமெங்கும் தடித்த எழுத்தை இறைக்கும் இன்றைய பாடநூல்களும் மலர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

எனினும் ஓரிடத்தில் தடித்த எழுத்துக்கு மாற்றில்லை. யாழ்ப்பாணத்தில் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டப்படும் மரண அறிவித்தலில், பிறப்பிடமும் வதிவிடமும் சொன்ன பின் நடுவில் தனித்து நிற்கும் பெயர் அது. மரணத்தின் பின் வரும் அந்தியேட்டிச் சடங்கு நாளில் கையளிக்கப்படும் 'கல்வெட்டு' என்ற நினைவு நூலின் அட்டையிலும் அதே பெயர், அதே கனத்தில். ஒருவரின் பெயர் அத்தனை பெரிதாக அச்சேறுவது பலருக்கு வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அந்தப் பெயரில் ஞகரம் அடைபட்டுக் கருங்கட்டியாகக் கிடப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது.

இன்று குறை கருவியிடம் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருக்களில் மெலிவு முதல் மிகுகனம் வரை முறையாக வடிவமைத்த பல கனங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சகத்தார் போலித் தடிப்பை விட்டு, வரையப்பட்ட தடிப்பைத் தேர்ந்தால் போதும். புதிதாக வரைவோருக்கு ஒரு வேண்டுகோள்: ணகரத்தின் கனத்தைக் கூட்டும்போது அதன் அகலத்தையும் கூட்டுங்கள், நடுக்காலைச் சற்று மெலிதாக்குங்கள், புள்ளியை ஒரு மயிரளவு உயர்த்துங்கள். முதற்படி எடுக்கும்போது வண்ணார்பண்ணை, கோண்டாவில், கரணவாய், ஞானம் என்ற நான்கு சொற்களை மட்டமான தாளில் சிறிய அளவில் அச்சிட்டு, கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள்.