ஆச்சி வீட்டு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு

இந்த எபிசோடு தென்காசியில, எங்க ஆச்சி வீட்டுல ஆரம்பிக்குது.

போன சாரல் சீசன்ல குற்றாலத்துல குளிச்சிட்டு வந்து தலை துவட்டிட்டு இருந்தேன். தண்ணி ஃபில்டர் விக்கிற ஒருத்தர் வந்தார். ஒரு டம்ளர்ல வீட்டுக் குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. உலோகக் கம்பிகள் நீட்டிக்கிட்டு இருந்த ஒரு கருவியை ரெண்டுலயும் இறக்கி, பிளக்கைச் சொருகினார். கொஞ்ச நேரத்துல குழாய்த் தண்ணி செங்காவி நிறத்துல கலங்கிடுச்சு. ஆர்.ஓ. தண்ணி அப்படியே இருந்தது.

"ஏல, இதையா இத்தன வருசமா குடிச்சோம்?"னு ஆச்சி பயந்துபோய் பணம் எடுக்க எழுந்தாங்க. நான் அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துட்டு வந்தேன். எதுக்குன்னு புரிய, கொஞ்சம் வரலாறு வேணும்.

செம்புக் கம்பியில ஓடுறது எலெக்ட்ரான். தண்ணியில அப்படி இல்லை. சுத்தமான தண்ணி மின்சாரத்தை ரொம்பக் கொஞ்சமாத்தான் கடத்தும். அதுல கரைஞ்ச உப்புகள்தான் கடத்துது. எப்படி? மின்சாரம் பாய்ஞ்சாத்தான் உப்பு உடையும்னு பத்தொன்பதாம் நூற்றாண்டுல பலர் நம்பினாங்க. ஸ்வீடன்காரர் ஸ்வான்டே அரேனியஸ் இதைப் பத்தி 1884-ல ஆய்வேடு கொடுத்தார். வயசு 25. கிடைச்சது குறைந்த கிரேடு. அவர் விடலை. கரைஞ்ச உடனேயே, மின்சாரமே இல்லாமலே, உப்பு மின்னூட்டம் கொண்ட அயனிகளா பிரியுதுன்னு 1887-ல தெளிவா சொன்னார். 1903-ல நோபல் பரிசு.

ஆனா ஒரு சிக்கல். வினிகர் மாதிரி மென்மையான அமிலங்களுக்கு அவர் கணக்கு சரியா வந்துச்சு. நம்ம சாப்பாட்டு உப்புக்கு வரலை!

இங்கதான் கல்கத்தா வருது. ஞான சந்திர கோஷ், பி.சி. ராயோட மாணவர். சத்யேந்திரநாத் போஸுக்கும் மேக்நாத் சாஹாவுக்கும் வகுப்புத் தோழர். 1918-ல, என்னைவிடச் சின்ன வயசுல, அவர் சொன்னார்: உப்பு முழுசாவே பிரிஞ்சுதான் இருக்கு. ஆனா எதிரெதிர் அயனிகள் ஒண்ணையொண்ணு இழுக்குது. அந்த இழுப்பை மீறுற வேகம் உள்ளதுதான் மின்சாரத்தைச் சுமக்கும்.

கணக்குப் போட, அயனிகள் படிகத்துல இருக்கிற மாதிரி ஒழுங்கா வரிசையில நிக்கிறதா வச்சுக்கிட்டார். அதுதான் தப்பு. குற்றாலம் மெயின் அருவிக்குக் கீழ யாராவது வரிசையா நிக்கிறாங்களா? கூட்டம் நெளிஞ்சுகிட்டே இருக்கும். அந்த நெளியுற கூட்டத்துக்கான கணக்கை 1923-ல டிபையும் ஹியூக்கலும் போட்டாங்க. பாடப்புத்தகத்துல அவங்க பேர் நின்னுடுச்சு. கோஷ் பேர் நமக்கே மறந்துடுச்சு. விடை தப்பா இருந்தாலும், உப்பு முழுசா பிரியுது, சிக்கல் இழுப்புலதான் இருக்குன்னு அவர் காட்டின திசை சரி.

இப்போ டம்ளருக்கு வருவோம். குழாய்த் தண்ணியில கரைஞ்ச உப்பு இருக்கு, அதனால மின்சாரம் பாயுது. அப்போ இரும்புக் கம்பி கரைஞ்சு துருவா வருது. அந்த நிறம் தண்ணியோட அழுக்கு இல்லை, கம்பியோடது. ஆர்.ஓ. தண்ணியில உப்பு கம்மி, அதனால கம்பி பெருசா கரையலை.

பிளக்கைக் கழற்றச் சொல்லி, ஆர்.ஓ. டம்ளர்ல உப்பைப் போட்டுக் கலக்கினேன். திரும்பச் சொருகினதும் அதுவும் அதே செங்காவி. அவர் பேசாம கருவியைச் சுருட்டினார். (நீங்க வீட்டுல செய்யாதீங்க, ஷாக் அடிக்கும்.)

குழாய்த் தண்ணி நல்லதுன்னும் இதை வச்சுச் சொல்ல முடியாது. கிருமி இருந்தா இந்தச் சோதனையில தெரியாது. லேப்ல கொடுத்துப் பார்ப்போம்னு ஆச்சிகிட்ட சொன்னேன். பணம் சுருக்குப்பைக்கே திரும்பிப் போச்சு.