ஒரே வயசு, ஒரே எடை... பையனுக்கு எச்சரிக்கை, பொண்ணுக்கு நார்மல்! குழந்தை வளர்ச்சியில் ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு வயது நிறைந்த குழந்தையின் எடை 7.3 கிலோ. அது ஆண் குழந்தை என்றால் எடைக்குறைவு. பெண் குழந்தை என்றால் இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறது. ஓசூர் அருகே பாகலூரில் உள்ள அங்கன்வாடியோ, சென்னையில் உள்ள பெரிய மருத்துவமனையோ, எங்கே எடை போட்டாலும் கணக்கு இதுதான். தாய் சேய் நல அட்டையில் நீலம், இளஞ்சிவப்பு என இரண்டு வரைபடங்கள் இருப்பதும் இதற்காகத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட அளவுகோல்படி, பிறக்கும்போது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 3.3 கிலோ, பெண் குழந்தைக்கு 3.2 கிலோ. ஆறு மாதத்தில் இது 7.9, 7.3 என விலகுகிறது. ஒரு வயதில் 9.6, 8.9. அதன்பிறகு இடைவெளி சுருங்கி, ஐந்து வயதில் 18.3, 18.2 என கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. அதனால், "அண்ணன் இந்த வயசுல எவ்வளவு வெயிட் இருந்தான் தெரியுமா?" என்று தங்கச்சியை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதேபோல, "பொண்ணுதானே, ஒல்லியாதான் இருக்கும்" என்று விட்டுவிடுவதும் தவறு. ஒரு வயதில் 7 கிலோவுக்குக் கீழே போனால் பெண் குழந்தைக்கும் அது எடைக்குறைவுதான்.

கருவிலேயே தொடங்கும் வித்தியாசம்

கருவில் ஆண் சிசு வேகமாக வளர்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் நஞ்சுக்கொடி ஒப்பீட்டளவில் சிறியது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1934-44ல் பிறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கவனித்தது இது. கையிருப்பு குறைவாக வைத்துக்கொண்டு வேகமாக ஓடுவது போலத்தான். தாய்க்குச் சாப்பாடு குறைந்தால் அடி முதலில் விழுவது ஆண் சிசுவுக்கு. குறைமாதப் பிரசவமும் பச்சிளம் பருவ மரணமும் இயற்கையாகவே ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம்.

அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து, 2003ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண் சிசுவைச் சுமந்த தாய்மார்கள் சுமார் 10% அதிக கலோரி சாப்பிட்டது தெரியவந்தது. இதைக் கேட்டதும் "நிறைய பசிச்சா பையன்தான்" என்று முடிவு கட்ட வேண்டாம். அது சராசரிக் கணக்கு. ஒரு தாயின் பசியை வைத்து எதையும் சொல்ல முடியாது. சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது 1994ம் ஆண்டு சட்டப்படி குற்றமும்கூட. எந்தக் கர்ப்பிணிக்கும் கூடுதலாகத் தேவைப்படுவது தினம் 350 கலோரி. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 600 கலோரி. பிள்ளை பெற்ற பிறகுதான் தாய் அதிகம் சாப்பிட வேண்டும் என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை.

அப்போ பெண் குழந்தை ஏன் பின்தங்குகிறது?

இங்கேதான் விஷயம். உடலளவில் பார்த்தால் பெண் குழந்தைதான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஒரு வீட்டிலோ ஊரிலோ பெண் குழந்தைகள் தொடர்ந்து பின்தங்கினால், காரணத்தை உடம்பில் தேடுவதைவிட வீட்டுப் பழக்கத்தில் தேடுவதே சரி.

பொருளாதார அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ 2011ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தடயம் தருகிறது. இந்தியாவில் மகள்களுக்கு மகன்களைவிடக் குறைந்த காலமே தாய்ப்பால் கிடைக்கிறது. இதில் யாரும் வேண்டுமென்றே பாலை மறுக்கவில்லை. "அடுத்தது பையனா பொறக்கணும்" என்று சீக்கிரம் மறுபடி கருத்தரிக்கிறார்கள், பால் நின்றுவிடுகிறது. 2017ல் ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேவும் செய்த ஆய்வில், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் இந்தியாவின் முதல் குழந்தைகள் உயரத்தில் குறைந்தவர்கள் இல்லை. இரண்டாவது குழந்தையிலிருந்துதான் சறுக்கல் தெரிகிறது. மூத்த மகனுக்கே முதல் கவனிப்பு என்ற மனப்பான்மையை அவர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

பாகலூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்த மனப்பான்மை புதிதல்ல. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 926 பெண் குழந்தைகளே இங்கு இருந்தனர். மாநில சராசரி 943.

தாயின் தட்டில் என்ன?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 48.3% கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை. ஏறக்குறைய பாதிப் பேர்! ரோஜாத் தோட்டத்திலோ ஓசூர் தொழிற்சாலையிலோ ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணுக்கு இது ஆச்சரியமில்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பழகிய ராகி களியில் கால்சியம் தாராளம். ஆனால் ரத்தசோகையை ராகி மட்டும் சரிசெய்யாது. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் விடாமல் போட வேண்டும். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ, காபி வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அவை தடுக்கும்.

குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு ராகிக் கூழ், பருப்பு, முட்டை என்று சேர்த்தபடி, தாய்ப்பாலை இரண்டு வயது வரை தொடரலாம். ஆணோ பெண்ணோ, இந்த அட்டவணையில் மாற்றமில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும். இதற்குக் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது குழந்தைக்கு 6,000 ரூபாய், அதுவும் பெண்ணாகப் பிறந்தால் மட்டும்.