கிராங்க் ஷாஃப்ட் மாற்ற யார் காசு?

கார் ஒன்றில் பாதுகாப்புக் குறை இருந்தால் கம்பெனியே வரச் சொல்லி மாற்றித் தரும். அதை இலவசமாகச் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1974லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதே நாட்டில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவரின் கதை வேறு.

விமான இஞ்சினில் குறை தெரிந்தால் தயாரிப்பாளர் 'சர்வீஸ் புல்லட்டின்' வெளியிடுவார். சொந்த உபயோகத்துக்கு விமானம் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் விமானத்துறை கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஆணை போட்டுவிட்டால் அதைச் செய்யாமல் பறக்க முடியாது. எதை மாற்ற வேண்டும், எப்போதுக்குள் மாற்ற வேண்டும் என்று அந்த ஆணையில் இருக்கும். பணம் யார் தருவது என்று இருக்காது!

இதற்கு நல்ல உதாரணம் லைகமிங். பென்சில்வேனியாவில் இருக்கும் இந்தக் கம்பெனி செஸ்னா, பைப்பர் போன்ற சின்ன விமானங்களுக்கு பிஸ்டன் இஞ்சின் செய்கிறது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் இதன் சில பெரிய இஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் பறக்கும்போதே உடைந்தது. உயிர்களும் போயின. 2002ல் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நின்றன. அந்த முறை மாற்றும் செலவை லைகமிங்கே ஏற்றுக்கொண்டது.

பிறகு பழி யாருக்கு என்ற சண்டை. உருக்கை அடித்து வடித்துக் கொடுத்த டெக்சாஸ் கம்பெனி அதை அதிகமாகச் சூடாக்கிவிட்டது என்றது லைகமிங். உருக்கில் வனேடியம் சேர்க்கச் சொன்னதே நீங்கள்தான், பலவீனத்துக்கு அதுதான் காரணம் என்றது அந்தக் கம்பெனி. 2005ல் டெக்சாஸ் ஜூரி லைகமிங் பக்கம்தான் தவறு என்று சொல்லி, சுமார் 96 மில்லியன் டாலர் தரச் சொன்னது.

இத்துடன் முடியவில்லை. 2006ல் இன்னொரு புல்லட்டின். 1997 முதல் 2002 வரை செய்த கிராங்க் ஷாஃப்ட்களில் ஆயிரக்கணக்கானவற்றை மாற்ற வேண்டும். எஃப்.ஏ.ஏ.யும் ஆணை போட்டது. அடுத்த ஓவர்ஹாலில் மாற்றலாம், ஆனால் 12 வருடக் கெடு. இந்த முறை இலவசம் கிடையாது. சுமார் 16,000 டாலர் பெறும் பாகத்தை 2,000 டாலருக்குத் தருகிறோம், அதுவும் 2009 பிப்ரவரி வரைதான் என்றது லைகமிங்.

இங்கேதான் காமர்ஸ் மாணவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். கெடு 12 வருடம், தள்ளுபடி 3 வருடம். கிராங்க் ஷாஃப்ட் இருப்பது இஞ்சினின் நடுவயிற்றில். அதை எடுக்க முழு இஞ்சினையும் பிரிக்க வேண்டும். நன்றாக ஓடுகிற இஞ்சினை இப்போதே பிரித்தால் கூலி நஷ்டம். ஓவர்ஹால் வரை காத்திருந்தால் தள்ளுபடி போய்விடலாம். இடையில் விற்கலாம் என்றால், வாங்குபவர் சீரியல் நம்பரைப் பார்த்து விலையைக் குறைப்பார்.

வாரண்டிக்கு ப்ரொவிஷன் வைப்பது பற்றி நாம் படிப்பதெல்லாம் தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகம்தான். அவர் எழுதாமல் விட்ட செலவு மறைந்து போவதில்லை. தப்பே செய்யாத ஒருவரின் பாக்கெட்டிலிருந்து அது போகிறது.