இல்லத்தில் பிறந்த தொண்டு
திருமதி ஜானகி வெங்கட்ராமன் வாழ்க்கை தரும் பாடம்

ஜூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டாகும். யாருக்கு நன்றி கூற வேண்டும் என்று அறியும் பொருட்டு, இம்மலருக்காகப் பங்கின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தோம். கோயில் கட்டிய குருக்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. நிலமும் பொருளும் ஈந்த பெரியோரின் பெயர்களும் உள்ளன. ஆனால் சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டிக் கழுவியவர்கள், பீடத்துக்குப் பூ வைத்தவர்கள், சிறுவர்க்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தவர்கள், சாவு வீட்டில் விடிய விடியச் செபமாலை சொன்னவர்கள் ஆகிய பெண்மக்களின் பெயர் ஓரிடத்திலும் காணோம்.

நாட்டு வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. 1954 மார்ச் 31-ஆம் நாள் நம் நெட்டப்பாக்கத்தில் தேசியக் கொடி ஏறிற்று. எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசு இங்கே அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். பின்னாளில் வெங்கடசுப்பா ரெட்டியார், அவர் மைந்தர் வைத்திலிங்கம் என்று இரு முதலமைச்சர்களையும் நம் கொம்யூன் தந்தது. இவர்களையெல்லாம் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஆயினும் அக்காலத்து அரசியல் வீடுகளில், வேளை கெட்ட வேளையில் வந்தவர்க்கெல்லாம் சோறாக்கிப் போட்ட மனைவியரைப் பற்றி எழுதினோர் யார்?

ஆகவே, அண்டை மாநிலத்தில் அரசியல்வாதி ஒருவரின் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்த ஒரு தாயை இங்கே நினைவுகூர விழைகிறோம். அவர்தாம் முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் திருமதி ஜானகி.

அம்மையார் 1921-இல் பர்மாவில் பிறந்தவர். தஞ்சை மாவட்டத்து இராசாமடத்தில் பிறந்து சென்னையில் வழக்கறிஞராயிருந்த வெங்கட்ராமனை 1938-இல் மணந்தார். நான்கே ஆண்டுகளில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தது. கணவர் இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தொன்று. விடுதலை பெற்ற கணவர் தொழிலாளர் வழக்குகளில் பெயர் பெற்றார். 1952-இல் தஞ்சையிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1957 முதல் 1967 வரை சென்னை மாநில அமைச்சர். பின்னர் நடுவண் அரசில் நிதி அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர். 1984-இல் குடியரசுத் துணைத்தலைவர். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர்.

இத்தனை பதவிகளும் கணவருடையவை. மனைவிக்கென்று நம் அரசியல் சட்டம் ஒரு பதவியும் வகுக்கவில்லை. எனினும் பதவியில்லாதவர் செய்யக்கூடிய நன்மை ஒன்று உண்டென்று அம்மையார் காட்டினார்.

1990-ஐ ஒட்டிய காலம். ஆந்திர மாநில நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான ஆப்கோவின் பட்டுச் சேலைகளை அம்மையார் பார்வையிட்டார். அப்போது, புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுச் சேலை கிடைக்குமா என்று கேட்டார்.

பட்டு எடுக்கும் விதத்தை அறிந்தால்தான் இக்கேள்வியின் கனம் விளங்கும். பட்டுப்புழு தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூடு முழுவதும் அறுபடாத ஒரே இழை. சில நாளில் உள்ளிருக்கும் பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுந்துபோகும். ஆகையால் அதற்கு முன்பே கூட்டை ஆவியிலோ வெந்நீரிலோ இட்டு உயிரைப் போக்கிவிடுகிறார்கள். ஒரு சேலைக்குப் பல்லாயிரம் கூடுகள் வேண்டும். கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் பட்டுடுத்தும் நாம் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய குசும ராஜையா என்பவரின் மனத்தில் அக்கேள்வி தைத்தது. அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். பூச்சி தானே பறந்து போகும்வரை காத்திருந்து, துளைபட்ட கூடுகளைப் பஞ்சு நூற்பதுபோல நூற்று நூலாக்கினார். மினுமினுப்பு சற்றுக் குறைவு, விலையோ கூடுதல், ஆனால் உயிர்க்கொலை இல்லை. அம்முறைக்குப் பின்னர் காப்புரிமையும் பெற்றார். 'அகிம்சைப் பட்டு' என்று அது இன்று பிற நாடுகளிலும் அறியப்படுகிறது.

அம்மையார் சட்டம் இயற்றவில்லை. பட்டைத் தடை செய்யும்படி கேட்கவுமில்லை. நெசவாளியின் பிழைப்பும் கெடாமல், பூச்சியின் உயிரும் போகாமல் ஒரு வழி உண்டா என்று வினவினார், அவ்வளவே. வீட்டில் பத்துப் பேர் பசியையும் பார்த்துப் பங்கிட்டுப் பழகிய தாயுள்ளத்துக்கே இத்தகைய கேள்வி எழும்.

அத்தொண்டு மனப்பான்மை அவரோடு நின்றுவிடவில்லை. அவருடைய மகள் பத்மா, தொழுநோயாளர் குடியிருப்புகளில் வாழ்வோர் கையேந்தாமல் பிழைக்கச் சிறுகடன் உதவி பெற்றுத் தரும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார்.

எழுபது ஆண்டு இல்லறத்துக்குப் பின் 2009 ஜனவரி 27-இல் கணவர் மறைந்தார். மறு ஆண்டு ஆகஸ்ட் 13-இல், 89-ஆம் வயதில், அம்மையாரும் மறைந்தார்.

அம்மையார் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் பிற சமயத்தாரிடம் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. படைப்பு அனைத்தையும் அன்புடன் பேண வேண்டும் என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுமடல் எழுதினார். அப்படிப்பினை வருமுன்பே அதற்கேற்ப ஓர் இல்லத்தரசியின் உள்ளம் பேசியிருக்கிறது. பழமொழி ஆகமத்தின் இறுதி அதிகாரம் நல்ல மனைவியைப் புகழும்போது, அவள் நூல் நூற்பதையும் ஏழைக்குக் கை நீட்டுவதையும் சேர்த்தே சொல்வது நமக்கு நினைவுக்கு வருகிறது.

நம் பங்கிலும் இத்தகைய தாய்மார் வாழ்ந்தார்கள்; வாழ்கிறார்கள். குடியரசுத் தலைவரின் மனைவி என்பதால் ஜானகி அம்மையார் கேட்டதை உலகம் கேட்டது. நம் தாய்மார் கேட்டவற்றையும் செய்தவற்றையும் நாமாவது எழுதிவைக்க வேண்டாமா? அதனால் இம்மலரின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் பாட்டியார் பெயரையும், அவர் இக்கோயிலுக்கும் அயலாருக்கும் செய்த தொண்டையும் அதில் எழுதுவார்களாக. எழுதியதைப் பங்கு இல்லத்தில் காட்டினால், பங்கின் ஏட்டிலும் பதிந்துகொள்வோம். நூற்றாண்டு ஜூபிலி மலரை எழுதப்போகும் குருவானவருக்கு அது பேருதவியாயிருக்கும்.

இறைவன் நம் தாய்மார் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!