மின்விசிறி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில்

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. மின்சாரத்தைச் சுழற்சியாகவும், சுழற்சியைக் காற்றோட்டமாகவும் மாற்றுவதே அதன் வேலை. அந்தக் காற்றும் சுவரில், தரையில் மோதி ஓயும்போது வெப்பமாகிவிடுகிறது. பூட்டிய அறையில் ஓடும் விசிறி அறையைச் சற்றுச் சூடாக்கவே செய்யும். தோலிலுள்ள வியர்வை விரைவாக உலர்வதால்தான் நமக்குக் குளுமை தெரிகிறது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பவை. கோடையில் காற்று உலர்ந்திருக்கும், வியர்வை சட்டென்று காயும். அதே வெயிலில் தூத்துக்குடிக் கடற்கரையில் அவ்வளவு விரைவாகக் காயாது.

பனை மிகுந்த இந்த வட்டாரத்தில் மின்சாரத்துக்கு முன் பனையோலை விசிறிதான். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களிலும் அலுவலகங்களிலும் உத்தரத்தில் துணிப் பங்கா தொங்கும். அதன் கயிற்றை ஓர் ஆள் இழுத்துக்கொண்டே இருப்பார். ஒருவர் காற்று வாங்க இன்னொருவர் தோள் நோக உழைத்த ஏற்பாடு அது.

அமெரிக்காவில் ஸ்கைலர் வீலர் 1882இல் மேசை மின்விசிறியைச் செய்தார். தையல் இயந்திர மோட்டார்களில் கைதேர்ந்த ஃபிலிப் டீல் அதே பத்தாண்டில் விசிறியைக் கூரையில் ஏற்றினார். தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு அது வர நீர்மின்சாரம் வேண்டியிருந்தது. 1930களில் பைக்காராவும் மேட்டூரும், 1944இல் தெற்கே பாபநாசமும் மின்சாரம் தரத் தொடங்கின. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் என்ற பஞ்சாலையை நிறுவினார். ஆனால் இவ்வட்டாரத்தின் உலர்காற்று பஞ்சாலைக்கு ஆகாது. காய்ந்த காற்றில் நூல் அறுந்துபோகும். ஆகவே நூற்பாலைகளில் பெரிய விசிறிகள் ஈரக்காற்றை உள்ளே தள்ளுகின்றன. 1957இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தபின் மின்கம்பங்கள் கிராமங்களுக்குள் பரவின. முதலில் கிணற்று மோட்டார், பிறகு விளக்கு, வசதி வந்த வீட்டில் ஃபேன் என்பதே பெரும்பாலும் வரிசை.

வழக்கமான சீலிங் ஃபேனில் செம்புக்கம்பி சுற்றிய நடுப்பகுதி அசையாது; அதைச் சூழ்ந்த வெளிக்கூடுதான் றெக்கைகளோடு சுற்றும். வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் காயிலில் உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னுமாகத் துடிக்குமே தவிரச் சுழலாது. எனவே இரண்டாவது காயில் ஒன்றைச் சுற்றி, கண்டென்சர் வழியாக அதன் மின்னோட்டத்தை நேரம் மாற்றி அனுப்புகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் புலம் சுழலும், கூடும் அதன் பின்னே ஓடும். கண்டென்சர் போய்விட்டால் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும். விளக்குமாற்றுக் குச்சியால் றெக்கையைத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குவதன் காரணம் இதுதான்.

இந்த மோட்டார் மலிவு, பல்லாண்டு உழைக்கும். ஆனால் அது இழுக்கும் சுமார் 75 வாட்டில் பாதிக்கு மேல் காற்றாகாமல் சூடாகவே வீணாகிறது. பழைய பெட்டி ரெகுலேட்டர் இன்னும் மோசம். வேகத்தைக் குறைத்து மிச்சப்படுத்துவதில் ஒரு பகுதியைத் தானே சூடாகிக் கரைத்துவிடும். மின்னணு ரெகுலேட்டர் வந்தபின் அந்த இழப்பு குறைந்தது.

2011 செப்டம்பரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் குடும்ப அட்டைக்கு ஒரு மேசை விசிறி கிடைத்தது. அதுவரை ஃபேன் இல்லாத வீடுகளுக்கு அது உண்மையான பேறு. பனையோலை விசிறியோடு இரவெல்லாம் கைக்குழந்தைக்கு விசிறிய தாய்மாருக்குத்தான் அதன் அருமை தெரியும். அடுத்த ஆண்டே நீண்ட மின்வெட்டு வந்து பல மணி நேரம் அந்த விசிறிகளை நிறுத்தி வைத்தது. அந்தக் காலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலைகள் ஓடும்போதுதான் மின்வெட்டு தணியும். ராஜபாளையத்து நூற்பாலை நிறுவனங்களும் தங்கள் தேவைக்குக் காற்றாலைகள் நிறுவியிருக்கின்றன. அவை விசிறியின் வேலையையே தலைகீழாகச் செய்பவை: காற்று சுழற்சியாகி, சுழற்சி மின்சாரமாகிறது.

2010களின் நடுவில் நிலைக்காந்தமும் மின்னணுச் சுற்றும் கொண்ட பிஎல்டிசி விசிறிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஏறத்தாழ அதே காற்றுக்கு இவை 30 வாட் அளவே எடுக்கும். தினம் 10 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் பழைய ஃபேன் 45 யூனிட், இது 18 யூனிட். 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டதால், இரண்டு பழைய ஃபேன்களே அதில் 90 யூனிட்டைத் தின்றுவிடும் என்ற கணக்கு சிறு குடும்பங்களுக்கு முக்கியமானது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடும் கட்டாயம். பிஎல்டிசிக்கு மாற விலை கூடுதல் என்பது மட்டுமே தடை இல்லை. பழைய ஃபேன் எரிந்தால் பக்கத்துக் கடையில் காயில் கட்டி ஓட்டிவிடலாம்; புதியதில் சர்க்யூட் போர்டு போனால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும்.