வேஸ்டுக்கு எதிர்ச்சொல் என்ன?

போன மாசம் குன்னூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சொல் எழுத வேண்டிய பட்டியலில் ஆறாவது வார்த்தை 'வேஸ்ட்'.

"சேவ்தானே மாமா?"

ஆமாம் என்றேன். தண்ணீரை வீணாக்காதே, சேமி. சரிதானே. அவள் எழுதி முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த வார்த்தை மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. நீலகிரியில் அந்த ஒரு வார்த்தைக்கு நாலைந்து எதிர்ச்சொல் இருக்கிறது. எந்த எதிர்ச்சொல்லை யார் எடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த மலையின் இருநூறு வருஷ வரலாற்றில் பாதி வந்துவிடும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். டீ ஃபேக்டரி.

தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது நார், காம்பு, பஞ்சு மாதிரி பறக்கும் தூள், தரையில் கூட்டி அள்ளியது எல்லாம் மிஞ்சும். இதுதான் டீ வேஸ்ட். இதற்கென்றே 1959-இல் மத்திய அரசு தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைப் போட்டது. லைசென்ஸ் இல்லாமல் இதை வாங்கவோ விற்கவோ சேர்த்து வைக்கவோ கூடாது. குப்பைக்கு எதுக்கு லைசென்ஸ் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. சாயம் ஏற்றி நல்ல தூளில் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அதே கழிவு காஃபீன் எடுக்கும் தொழிற்சாலைக்குப் போனால் அங்கே அது மூலப்பொருள். இங்கே வேஸ்டுக்கு எதிர்ச்சொல் 'சரக்கு'. கழிவா சரக்கா என்பது அந்தத் தூளைப் பார்த்து முடிவாவதில்லை. அது எந்த வாசலுக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் முடிவாகிறது.

(நம்ம ஊர் டீக்கடையில் கொதிக்கிற 'டஸ்ட் டீ' வேஸ்ட் இல்லை. பேரைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். டஸ்ட் என்பது ஏலத்துக்கு வரும் முறையான தரம். துகள் சின்னது, சாறு சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.)

இப்போது அதே வார்த்தையை நிலத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது மேல்மட்டத்தில் அவர் பார்த்தது பெரும்பாலும் புல். பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. தோடர்களின் எருமைகள் அதில் மேய்ந்தன. ஊட்டியின் பழைய பெயரிலேயே 'மந்து' இருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஆனால் ஏர் ஓட்டிய தடமும் வரப்பும் வேலியும் அந்தப் புல்லில் கிடையாது. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது வேஸ்ட் லேண்ட்.

அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் ஜான் லாக், மனிதன் தன் உழைப்பைக் கலந்த நிலம் அவனுக்குச் சொந்தமாகும் என்று வாதிட்டவர். உழாமல், நடாமல், மேம்படுத்தாமல் இயற்கைக்கே விட்ட நிலம் அவர் கணக்கில் வேஸ்ட். இந்தக் கணக்கில் எதிர்ச்சொல் 'சாகுபடி'. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துக் கிராமங்களிலேயே அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருள் இருந்தது. பண்ணையார் நிலத்தில் வேலி போடாமல் கிடந்த பகுதியும் வேஸ்ட்தான். ஊர்க்காரர்கள் மாடு மேய்த்ததும் விறகு எடுத்ததும் அங்கேதான். அங்கே வேஸ்டுக்கு எதிர்ச்சொல் 'வேலி'. அதாவது, பொதுவுக்கு எதிர் தனியார். அந்தப் பொதுநிலங்களையும் பின்னால் சட்டம் போட்டு வேலிக்குள் கொண்டுபோனார்கள்.

தோடர்களின் புல்லுக்கு இந்த இரண்டாவது அர்த்தம்தான் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் முதல் அர்த்தம்தான் கப்பலேறி இங்கே வந்தது.

எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நிலம் தோடர்களுக்குச் சொந்தம், அவர்கள் உரிமையை மதிக்க வேண்டும் என்று வாதாடியவரே சல்லிவன்தான். (அவரும் இங்கே நிலம் வாங்கிப் பங்களா கட்டியவர்தான். அந்தக் கல் பங்களா இருக்கும் வளாகம்தான் இன்று ஊட்டி அரசு கலைக் கல்லூரி.) வாதம் பல வருஷம் இழுத்தது. கடைசியில் மந்துகளைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் தோடர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மீதிக்கு அரசே உரிமை கொண்டாடியது. 1861-இல் வைஸ்ராய் கேனிங் தரிசு நிலங்களை விற்க வழி திறந்தார். 1863-இல் சென்னை மாகாணம் தரிசு நில விதிகள் கொண்டுவந்தது. தரிசு ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர்கள் காபி, தேயிலை, சிங்கோனா நட்டார்கள்.

அதே 1860-களில் இன்னொன்றும் நடந்தது. படகர்கள் ஒரு துண்டில் சாமையும் ராகியும் போட்டு, சில வருஷம் கழித்து அதைச் சும்மா விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். மண் களைப்பாறட்டும் என்ற ஏற்பாடு. அவர்கள் கணக்கில் தரிசுக்கு எதிர்ச்சொல் 'களைத்த மண்'. வரி போடுகிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இந்த வருஷம் உழாத நிலம் அவருக்கு வரி வராத நிலம். அந்த முறையை முடித்துவைத்தார்கள்.

இங்கேதான் மூன்றாவது எதிர்ச்சொல் வருகிறது. அது 'வரி'. இன்றைக்கும் நம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இரண்டு வகை உண்டு. இரண்டையும் முதலெழுத்தாகச் சுருக்கினால் ஒரே 'தீ.ஏ.த.'தான்! தரிசு என்றால் ஒன்றும் விளையாத மண் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதிவேடு மண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. தீர்வை போட்டாச்சா இல்லையா என்பதுதான் அதன் கேள்வி.

புறம்போக்கு கதையும் இதேதான். ஏரி, ஓடை, மேய்ச்சல், மந்தைவெளி, சுடுகாடு என ஊர் முழுக்கப் பயன்படுத்தும் நிலம். வரிக்கணக்குக்குப் 'புறம்பே' நின்றதால் அந்தப் பெயர். எதிர்ச்சொல் 'பட்டா'. ஆனால் இன்றைக்கு ஒருத்தரைப் 'பொறம்போக்கு' என்று கூப்பிட்டுப் பாருங்கள், அடி விழும். எல்லோருக்குமான நிலத்தின் பெயர் எதுக்கும் உதவாதவனைத் திட்டும் வசவாகிவிட்டது.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. சும்மா கிடக்கும் புல்லில் மரம் நட்டால் லாபம் என்ற யோசனை வெள்ளைக்காரரோடு போகவில்லை. கற்பூர மரமும் சீகை மரமும் 19-ஆம் நூற்றாண்டிலேயே விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டுக்குக் கூழ் வேண்டும் என்று புல்வெளிகளில் இன்னும் பெரிய அளவில் நட்டோம். 1985-இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் வந்தபோதும் நாடு முழுக்க இலக்கு மரம் நடுவதுதான். இப்போது சீகை தானாகவே பரவி மிச்சப் புல்லையும் தின்கிறது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் வரை உத்தரவு வந்துவிட்டது. வேஸ்ட் நிலத்தை உருப்படியாக்க வந்த மரமே இன்று அகற்ற வேண்டிய வேஸ்ட்!

அந்தப் புல் ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை. மழையைப் பிடித்துவைத்து மெதுவாகப் பள்ளத்துச் சோலைக்கும் ஓடைக்கும் விடுகிறது. அந்த ஓடைகள்தான் பைக்காராவுக்கும் பவானிக்கும் போகின்றன. இதில் கொடுமை, அக்கா மகள் எழுதிய பதில் மலையுச்சியின் புல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. தண்ணீரைச் சேமிக்கிற நிலத்துக்குத்தான் நாம் வேஸ்ட் என்று பெயர் வைத்திருந்தோம்.

அதனால் இனி ஒரு அரசாங்கக் காகிதத்தில் 'தரிசு' என்று பார்த்தால், 'எதுக்கு எதிரான தரிசு?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உழவுக்கா, வரிக்கா, வேலிக்கா, பட்டாவுக்கா? பதில் எதுவாக இருந்தாலும், அங்கே ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருந்த எருமை அந்தப் பட்டியலில் இருக்காது.

வீட்டுப்பாடத்தில் 'சேவ்'-க்கு டீச்சர் டிக் போட்டிருக்கிறாராம். அக்கா போனில் சொன்னாள்.