பல்லைப் பிடித்துப் பார்க்கும் பந்தயம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தானம் வாங்குகிறவனுக்கு அது சரி. பந்தயத்துக்கு வந்த மாட்டை என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது. பந்தய மாட்டின் வாயைத் திறந்து பார்க்காமல் விடுகிறவன் நடுவனாக இருக்க முடியாது. மாட்டுக்காரனுக்கு மைத்துனனாகத்தான் இருக்க வேண்டும்.

நாகூரிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே போனால் வாஞ்சூர், திருமலைராயன்பட்டினம், காரைக்கால் என்று ஊர்கள் வரிசையாக வரும். அவற்றைத் தாண்டினால் டேனிஷ்காரர்கள் 1620-ஆம் ஆண்டு கோட்டை கட்டிய தரங்கம்பாடி. அதற்கும் சற்று வடக்கே அபிராமி அம்மன் குடிகொண்ட திருக்கடையூர். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள சாலையில்தான், காணும் பொங்கலன்று, மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் நெடுங்காலமாகப் பந்தயம் ஓடி வந்திருக்கின்றன. ரேக்ளா என்றால் டெல்டா ஜில்லா முழுவதும் தெரியும். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் வீட்டில் உட்கார்ந்திருக்க மனமில்லாத ஆண்பிள்ளைகளுக்குக் காணும் பொங்கலில் காண்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

திருக்கடையூருக்கு இன்னொரு பிரசித்தியும் உண்டு. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ தம்பதிகள் அங்கே வருகிறார்கள். வருகிறவர் சொல்கிற வயதை அந்த ஊர் அப்படியே ஒப்புக்கொண்டு மாலை போட்டு விடுகிறது. யாருடைய பல்லையும் யாரும் பார்ப்பதில்லை. அதே ஊர் எல்லையில் மாட்டுக்கு அந்த மரியாதை கிடையாது.

ரேக்ளாவில் மாடுகளைச் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று பிரித்து ஓட விடுவார்கள். குதிரைகளுக்கும் அப்படிப் பிரிவு உண்டு. பெரிய மாட்டைச் சின்ன மாட்டோடு ஓட விட்டால் அது பந்தயமே இல்லை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் எது சின்ன மாடு, எது நடு மாடு என்று சொல்கிறவர் யார்? எந்தப் பந்தயத்திலும் பாதிச் சண்டை இந்த ஒரு கேள்வியில்தான் பிறக்கிறது. கொங்கு நாட்டில் இதற்கு ஒரு சுருக்க வழி வைத்திருக்கிறார்கள். கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாவில் தூரம் மிகக் குறைவு: 200 மீட்டர், 300 மீட்டர். பல் போடாத காளைக்கு 200. பல் போட்ட காளைக்கு 300. வண்டிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரத்தைக் குறிக்கிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் வெற்றி தோல்வி தீர்ந்து போகிறது.

பல் போடுவது என்றால் என்ன என்று பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்த் தாடையில் மட்டும் எட்டு. கன்றுக்கு முளைத்த பால் பற்கள் இரண்டு வயதையொட்டி ஜோடி ஜோடியாக விழுந்து, அந்த இடத்தில் அகலமான பற்கள் வரும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று கணக்கு ஏறி, நாலைந்து வயதில் எட்டும் நிரம்பும். அதைக் கடை சேர்ந்த மாடு என்பார்கள். அப்புறம் தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயதை ஊகிக்க வேண்டும். மாட்டுத் தரகனின் கட்டை விரல் ஒரு நொடியில் படித்துவிடுகிற ஜாதகம் இது. கொம்புக்கு வர்ணம் தீட்டலாம், தோலை எண்ணெய் போட்டு மினுக்கலாம். பல்லை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

சுலபமில்லை என்பதற்காக மனிதன் சும்மா இருந்தானா? இங்கிலாந்தில் நடந்த ஒரு சமாச்சாரத்தைக் கேளுங்கள். எப்ஸம் நகரத்து டெர்பி, உலகத்திலேயே பெயர் பெற்ற குதிரைப் பந்தயம். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே அதில் ஓடலாம். 1844-ஆம் ஆண்டு முதலாவதாக வந்த குதிரையின் பெயர் ரன்னிங் ரெயின். அதன் சொந்தக்காரர் என்று பதிவாகியிருந்தவர் உட் என்ற தானிய வியாபாரி. அவருக்குப் பின்னால் குட்மன் லெவி என்ற சூதாட்டப் பேர்வழி இருந்தான். ஓடியது ரன்னிங் ரெயினே அல்ல. மக்காபியஸ் என்ற நாலு வயதுக் குதிரை.

இதிலே எனக்கு வியப்பாக இருப்பது, மோசடி ரகசியமாக நடக்கவில்லை என்பதுதான். முந்தின ஆண்டு, இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயம் ஒன்றில் இதே குதிரை ஜெயித்தபோதே ஆட்சேபம் கிளம்பியது. லாயத்துப் பையன் ஒருவனின் சாட்சியத்தில் அது அடங்கிப் போயிற்று. டெர்பிக்கு முன்னாலும் லார்ட் ஜார்ஜ் பென்டிங்க் முதலியவர்கள் எழுத்து மூலம் சந்தேகத்தைத் தெரிவித்தார்கள். நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். குதிரை வாசலில் நிற்கிறது, வாய் இருக்கிறது, வாயில் பல் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து நினைவுக்கு வரவில்லையா?

இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவின் சொந்தக்காரர் கர்னல் பீல் பரிசு தமக்கே உரியது என்றார். உட் வழக்குத் தொடுத்தார். ஜூலை மாதம் நீதிமன்றத்தில் விசாரணை. பென்டிங்க் துப்பறிகிற வேலையில் இறங்கி, குதிரையின் அடையாளத்தை மாற்றச் சிகையலங்காரக் கடையிலிருந்து சாயம் வாங்கப்பட்டதைக் கூடக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நீதிபதி ஆல்டர்சன் அதையெல்லாம் நீட்டி முழக்கிக் கேட்க விரும்பவில்லை. குதிரையைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். குதிரை வரவில்லை. காணாமற் போயிருந்தது! உட்டின் தரப்பு வழக்கைக் கைவிட்டது. பரிசு ஆர்லாண்டோவுக்குப் போயிற்று. அதே பந்தயத்தில் கால் முறிந்து சுடப்பட்ட லீண்டர் என்ற குதிரையின் தாடையைப் பிற்பாடு சோதித்ததில், அதுவும் நாலு வயதுக் குதிரை என்று தெரிந்ததாம். ஆக, மூன்று வயதுப் பந்தயத்தில் இரண்டு நாலு வயதுக் குதிரைகள்.

இயந்திரத்துக்குப் பல் கிடையாது. அதனால் மோட்டார் பந்தயத்தில் சோதனை இன்னும் கடினமாயிற்று. கொங்கு ரேக்ளாவைப் போலவே நேர்ச் சாலையில் குறுகிய தூரம் பாய்ந்து முடிகிற மோட்டார் பந்தயம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் டிராக் என்று சொல்கிறார்கள். தடம் என்று பொருள்படும் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வேறு டிராக். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நின்று, கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்ப்பது. யுத்தம் முடிந்து சும்மா கிடந்த விமான ஓடுபாதைகள் அமெரிக்காவில் இதற்குக் களமாயின. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனை ஆரம்பித்து, தெருவில் வேகம் காட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை விதிகளுக்குள் கொண்டு வந்தார். நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் யுத்த காலத்து ஓடுபாதைதான் மோட்டார் பந்தயத்துக்குக் கை கொடுத்தது. 1953-ல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்தி வந்த பந்தயங்கள், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் அமைந்த பிறகு இடம் மாறின. அந்தக் களத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு டிராக் பந்தயமும் நடந்திருக்கிறது.

இந்தப் பந்தயத்தில் பல்லைப் பார்ப்பது எப்படி? ஓடுவதற்கு முன்னால் வண்டியின் எடை, இயந்திரத்தின் கொள்ளளவு, எரிபொருள், ஓட்டுகிறவனின் தலைக்கவசம், இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஓடி முடித்த பிறகு மறுபடியும் தராசில் ஏற்றுகிறார்கள். ஏனென்றால் ஆரம்பத்தில் கனமாக இருந்து நடுவழியில் இளைத்துப் போகிற வண்டிகள் உண்டு. ஜெயித்தவனின் இயந்திரத்தைக் கழற்றி உள்ளே அளந்து பார்ப்பதும் உண்டு. தோற்றவனைச் சோதிப்பதில் யாருக்கும் அக்கறை இல்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. அவன் செய்த திருட்டு பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

எரிபொருள் விஷயத்தில் சங்கமே தடுமாறியது. நைட்ரோமீத்தேன் என்ற உக்கிரமான எரிபொருளை 1957-ல் தடை செய்து 1963-ல் திரும்ப அனுமதித்தார்கள். புறப்படுகிற நேரத்துக்கும் ஒரு வழக்கு இருந்தது. ஆரம்பத்தில் கொடியோடு ஒரு மனிதர் நின்று வீசுவார். கொடி மேலே போவதற்குள் அவருடைய தோளின் அசைவைப் படித்துப் பாய்ந்து விடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. கொடிக்காரருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். 1963-ல் விளக்குக் கம்பம் வந்தது. வர்ண விளக்குகள் தொங்குவதால் கிறிஸ்துமஸ் மரம் என்று அதற்குப் பெயர். விளக்குக்கு மைத்துனன் கிடையாது.

நம்முடைய பந்தயத்தில் இன்னொரு சோதனை அவசியம். அது மாட்டுக்காரனிடம் மாட்டின் சார்பில் செய்ய வேண்டிய சோதனை. தார்க்குச்சியின் நுனியில் ஆணி இருக்கிறதா? வாலை முறுக்குகிறார்களா? 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியபோது, இந்தக் கொடுமைகள்தான் காரணங்களாகப் பேசப்பட்டன. 2017-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது; கர்நாடகமும் மகாராஷ்டிரமும் தங்களுக்கு வேண்டிய திருத்தங்களைச் செய்துகொண்டன. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது. கோர்ட்டில் எத்தனையோ வக்கீல்கள் பேசினார்கள். சாலையோரத்தில் தார்க்குச்சியை வாங்கி விரலால் தடவிப் பார்க்கிற ஒரு மனிதர் இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இனி மைக் பிடிக்கிறவர். கூட்டத்தில் நிற்கிற நூறு பேரில் தொண்ணூறு பேருக்குப் பந்தயம் தெரிவதில்லை. முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரிகிறது. ஒலிபெருக்கி சொல்வதுதான் அவர்களுக்குப் பந்தயம். குரலின் வலிமையை நாகூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். நாகூர் ஹனிபா வாழ்ந்த ஊர் அது. 2015-ல் மறையும் வரை, மேடை எதுவானாலும் அவர் குரல் எழும்பினால் கூட்டம் அவர் கையில் இருந்தது. வர்ணனையாளருக்கு அத்தனை பெரிய குரல் வேண்டியதில்லை. ஆனால் அதே கூட்டம் அவர் கையிலும் இருக்கிறது. நன்கொடை கொடுத்தவரின் வண்டி வரும்போது பாட்டனார் பெயரிலிருந்து ஆரம்பிப்பதும், ஊர் பேர் தெரியாத வண்டி முந்திக்கொண்டு வரும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் எவ்வளவு எளிது! எல்லைக் கோட்டில் நிற்பவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் மைக் தீர்ப்புச் சொல்லிவிட்டால், அப்புறம் அந்தத் தீர்ப்பை மாற்றுகிறவர் வீடு போய்ச் சேர வேண்டாமா?

டிராக் பந்தயத்தில் இந்தத் தொல்லை இன்னும் நுட்பமானது. ஒரு வண்டி 7.00 விநாடியில் ஓடுகிறது. பக்கத்து வண்டி 7.05 விநாடியில் ஓடுகிறது. இரண்டாவது வண்டிக்குப் பரிசு! காரணம், ஓடிய நேரம் வண்டி நகர்ந்த கணத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. விளக்கு எரிந்ததும் முதல் வண்டிக்காரன் அரைத் தூக்கத்தில் 0.10 விநாடி தாமதித்தான். மற்றவன் 0.02-லேயே கிளம்பிவிட்டான். கூட்டிப் பார்த்தால் 7.10-க்கு 7.07. பலகையில் எண்ணைப் பார்த்த ஜனங்கள் அநியாயம் என்று கத்தத்தான் செய்வார்கள். இரண்டு வாக்கியத்தில் இதை விளக்குகிற வர்ணனையாளர் நடுவருக்குச் சமம். விளக்காமல், வேகமான வண்டி எப்படித் தோற்றதோ என்று வியக்கிறவர் கலகம் மூட்டுகிறார்.

இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற மனிதர் அயர்லாந்துக்காரர் மைக்கேல் ஓ'ஹெஹிர். 1967 ஏப்ரல் 8. எய்ன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கிகளை எடை போடுகிற அறைக்குப் போய், ஒவ்வொரு சட்டையின் வர்ணத்தையும் அவர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஒரு ஜாக்கியின் வர்ணம் அவருக்குப் பிடிபடவில்லை. உங்கள் குதிரை எது என்று நேரே போய்க் கேட்டார். ஃபோய்னவன் என்று பதில் வந்தது. ஒன்றுக்கு நூறு கொடுக்கிறேன் என்றாலும் ஆள் அகப்படாத குதிரை. பதிவிலிருந்த வர்ணம் ஒன்று, அன்று போட்டிருந்த வர்ணம் வேறு.

இருபத்து மூன்றாவது வேலியில், ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த குதிரை ஒன்று குறுக்கே திரும்பியது. முன்னால் வந்தவை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தன. வெகு பின்னால் வந்த ஒரு குதிரை மட்டும் ஓரமாக வழி கண்டு தாண்டியது. மண்ணும் தூசியுமான அந்தக் குழப்பத்தில் ஓ'ஹெஹிர் ஒரு கணம் கூடத் தடுமாறாமல் அதன் பெயரைச் சொன்னார்: ஃபோய்னவன். குதிரையின் பயிற்சியாளரே அன்று அங்கே இல்லை. இது எங்கே ஜெயிக்கப் போகிறது என்று வேறொரு ஊர்ப் பந்தயத்துக்குப் போயிருந்தவர், தம் குதிரை ஜெயித்ததைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்.

திருக்கடையூர்ச் சாலையில் விழா எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. விடியற்காலையில் மாடுகளை அவிழ்த்து நிறுத்திப் பிரிவு பார்க்கிறபோது, மைக் பிடிக்கப் போகிறவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்த மாட்டுக்கு எத்தனை பல் என்று அவரும் ஒரு முறை குனிந்து பார்க்கட்டும். காப்பியை அங்கேயே வரவழைத்துக் கொடுத்துவிடலாம்.